அபிஷேக நீர் எங்கிருந்து வருகிறது?

ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்



சென்ற திருவிழாவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். வழக்கம்போல் விடியற்காலையில் ஆலயத்திற்குக் கீழே ஓடும் ஓடையில் தீர்த்தக் குடம் எடுக்கச் சென்றோம். மேளம் முன்னே போக, மஞ்சள் உடுத்திய பெண்கள் பின்னே வந்தார்கள். முதல் நாள் மாலை நல்ல மழை பெய்திருந்தது. கரையில் போய் நின்ற குருக்கள் குடத்தை நீரில் அமிழ்த்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீர் செம்மண் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. எவரும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புப் பையன் மட்டும், "சார், ஆத்துத் தண்ணி ஏன் பால் ஊத்தின தேத்தண்ணி மாதிரி இருக்கு?" என்று உரக்கக் கேட்டான். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று குழாய் நீரைத்தான் குடத்தில் நிரப்பினோம்.

"மழை பேஞ்சுதுல்ல, அதான்" என்று நான் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு, அது அரைகுறைப் பதில் என்று தெரியும். நான் சிறுவனாக இருந்தபோதும் இதே மலையில் இதே மழை பெய்தது. லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை மழை விட்ட சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். ஆகவே குற்றம் மழையுடையது அன்று. அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலையே இங்கு எழுதுகிறேன். வரும் ஆண்டுக் கூட்டத்தில் நாம் எடுக்கவேண்டிய ஒரு முடிவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதனைக் கடைசியில் கூறுகிறேன்.

மலையும் ஆறுகளும்

நம் கேமரன் மலை மாவட்டம் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் 712 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. 1885-ஆம் ஆண்டு இம்மலைகளை ஆராய வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்தி, செங்குத்துச் சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்து இத்தோட்டங்களை உருவாக்கியவர்களில் நம் பாட்டன் பாட்டிமார்கள் முன்வரிசையில் நின்றார்கள். அவர்கள் சரிவில் ஒரு கல்லை நட்டு விளக்கேற்றிய இடங்களே இன்று கோபுரம் கொண்ட ஆலயங்களாக வளர்ந்துள்ளன.

இம்மலையில் முக்கியமான ஆறுகள் மூன்று. பிரிஞ்சாங் பகுதியில் தோன்றி, தானா ராத்தா, ரோபின்சன் நீர்வீழ்ச்சி, ஹபு வழியாக ரிங்லெட் ஏரிக்கு வருவது பெர்தாம் ஆறு. வடக்கே கம்போங் ராஜா, கோலா தெர்லா பக்கத்து நீரைத் திரட்டிச் செல்வது தெலோம் ஆறு. மூன்றாவது லெமோய் ஆறு. இவை கிழக்கே இறங்கி ஜெலாய் ஆற்றோடு சேர்ந்து, முடிவில் பகாங் ஆறாகித் தென்சீனக் கடலை அடைகின்றன. நம் ஓடையில் விழும் ஒரு வாழையிலைத் துண்டு, தடையேதும் இல்லாவிட்டால், பெக்கான் நகரைத் தாண்டிக் கடலுக்குப் போகும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

ஊர்ப்பெயர்களைக் கவனித்தாலே இம்மலையின் இயல்பு விளங்கும். தானா ராத்தா என்றால் சமநிலம் என்று பொருள். சமநிலம் அரிதாக இருந்ததால்தான் அது ஓர் ஊருக்குப் பெயராயிற்று. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. இங்கே எல்லாச் சரிவும் ஏதோ ஓர் ஓடையில் முடிகிறது. மேலே நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் கீழே ஓடும் நீரில் எழுதப்படுகிறது. சொல்ல வந்த செய்தி இதுதான்.

ஒரு மழைத்துளியின் வேலை

காட்டில் விழும் மழைத்துளி நேரே மண்ணில் விழுவதில்லை. உயரமான மரத்தின் இலையில் பட்டு, அதற்குக் கீழே சிறு மரத்தில் பட்டு, செடியில் பட்டு, பாசியில் வழிந்து, கடைசியில் சருகு மெத்தையின்மேல் இறங்குகிறது. அந்தச் சருகும் வேர்களும் நீரை மெதுவாக உறிஞ்சி மண்ணுக்குள் அனுப்புகின்றன. அந்நீர் பல நாள், பல வாரம் கழித்து ஊற்றாகக் கசிந்து ஓடைக்கு வருகிறது. காட்டோடை மழையில் அதிகம் பொங்காமலும், வறட்சியில் அதிகம் வற்றாமலும், தெளிந்தும் குளிர்ந்தும் ஓடுவதன் இரகசியம் இதுவே.

மரத்தை வெட்டி மண்ணைத் திறந்து வைத்தால், அதே துளி ஒரு சிறு சுத்தியலைப் போல மண்ணை அடிக்கிறது. மண்துகள் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. உள்ளே போக வழியற்ற நீர் மேலோடு ஓடத் தொடங்குகிறது. சரிவில் ஓடும் நீருக்கு வேகம் கூடும். வேகம் கூடினால் மண்ணைச் சுமக்கும் வலிமையும் பல மடங்காகும்.

இதற்கு நம் மலையிலேயே பழைய கணக்கு ஒன்று உண்டு. இங்கு நீர்மின் திட்டம் அமைப்பதற்கு முன், மத்திய மின்சார வாரியத்தைச் சேர்ந்த பி. ஜி. ஷாலோ என்பவர் கேமரன் மலை ஆறுகளை அளந்து 1956-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஓராண்டில் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்திலிருந்து எவ்வளவு மண் ஆற்றில் இறங்குகிறது என்பதே கணக்கு. காட்டு நிலத்திலிருந்து சுமார் 25 கன மீட்டர். தேயிலை நிலத்திலிருந்து சுமார் 490 கன மீட்டர். காய்கறி நிலத்திலிருந்து சுமார் 730 கன மீட்டர்.

ஒரு சிறிய லோரி 5 கன மீட்டர் மண் ஏற்றும் என்று வைத்துக்கொள்வோம். காட்டிலிருந்து ஆண்டுக்கு 5 லோரி மண், தேயிலையிலிருந்து 98 லோரி, காய்கறியிலிருந்து 146 லோரி. தேயிலையில் காட்டைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. காய்கறியில் ஏறத்தாழ 30 மடங்கு. இந்த அறிக்கை வந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அன்று மண்வெட்டியால் கொத்தினார்கள். இன்று மண்வாரி இயந்திரம் ஒரே வாரத்தில் ஒரு குன்றின் முகத்தையே மாற்றிவிடுகிறது.

தேயிலைக்காரர் பிள்ளையாகிய எனக்கு அந்த நடு எண் சற்று உறுத்தத்தான் செய்கிறது. பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருக்கும் தோட்டம் மண்ணைக் காக்கும் என்றே நாம் நினைத்திருந்தோம். வளர்ந்து மூடிய தேயிலை மண்ணை ஓரளவு நன்றாகவே காக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கன்று நட்ட முதல் ஆண்டுகளிலும், கவாத்து வெட்டிய காலத்திலும் மண் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலைகள் எப்போதும் திறந்தே கிடக்கின்றன. கவாத்துக் கழிவை அள்ளி எரிக்காமல் வரிசைகளுக்கு இடையில் பரப்பிவிட வேண்டும் என்று பழைய கங்காணிகள் வற்புறுத்துவார்கள். படிக்காத அவர்கள் மண் அரிப்பைப் பற்றி நன்கு அறிந்திருந்தார்கள்.

காய்கறித் தோட்டத்தின் நிலை வேறு. தக்காளியும் முட்டைக்கோசும் சில மாதப் பயிர்கள். ஆண்டில் பலமுறை மண்ணைக் கிளற வேண்டியிருக்கிறது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் கூடாரம் போடுகிறார்கள். கூடாரத்திற்கு அடியில் உள்ள மண்ணை மழைத்துளி அடிப்பதில்லை, அது நன்மை. ஆனால் கூரையில் விழுந்த மழை முழுவதும் ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல், ஒரே நேரத்தில் வடிகாலில் பாய்கிறது. சரிவு முழுவதும் கூடாரமாக இருந்தால் நடப்பது என்ன? அரை மணி நேர மழைக்கே ஓடை பொங்கிக் கரையை அறுக்கிறது.

மண்ணோடு சேர்ந்து போகிறவை

சேறு மட்டும் வந்தால் அது ஒருநாள் அடியில் படிந்துவிடும். சேறு தனியாக வருவதில்லை. உரத்தில் உள்ள பாஸ்பரஸ் மண்துகளைப் பற்றிக்கொண்டு ஆற்றுக்கு வருகிறது. தழைச்சத்தாகிய நைட்ரஜன் நீரில் கரைந்து வருகிறது. பதப்படுத்தாத கோழி எருவைக் கொட்டிய நிலத்தில் மழை பெய்தால் அம்மோனியாவும் கிருமிகளும் வருகின்றன. தெளித்த பூச்சிமருந்தின் மிச்சத்தை அடுத்த மழை கழுவிக்கொண்டு வருகிறது. இவற்றோடு ஊருக்குள் உணவகங்கள், தங்கும் விடுதிகள், நம் வீடுகள் ஆகியவற்றின் கழிவுநீரும் சேர்கிறது. பள்ளி விடுமுறையில் வாகனங்கள் மலைமேல் வரிசை கட்டி நிற்கும்போது, அத்தனை மக்களின் கழிவும் இந்தச் சிற்றாறுகளையே நம்பியிருக்கிறது என்பதை நாம் நினைப்பதில்லை.

பயிருக்கு உணவானது நீரிலும் பாசிக்கு உணவாகிறது. பாசியும் ஆகாயத் தாமரையும் பெருகுகின்றன. ரிங்லெட் ஏரியில் ஆகாயத் தாமரை படர்ந்து கிடந்ததை அவ்வழியே பயணம் செய்த யாவரும் பார்த்திருப்பீர்கள். பச்சையாக அழகாகத்தான் இருக்கும். அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகின்றன. மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

நம் நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா ஆற்றுநீரை ஆறு அளவுகளால் மதிப்பிடுகிறது. நீரில் கரைந்த ஆக்ஸிஜன், உயிரியல் கழிவுகள் கேட்கும் ஆக்ஸிஜன், இரசாயனக் கழிவுகள் கேட்கும் ஆக்ஸிஜன், அம்மோனியா நைட்ரஜன், நீரில் மிதக்கும் துகள், அமில காரத் தன்மை என்பனவே அவை. அவற்றைக் கூட்டிக் கழித்து ஆற்றுக்கு முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தரம் கொடுக்கிறார்கள். பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குப் போனால் முன்னேற்றம். ஆற்றுக்கு அது வீழ்ச்சி.

கல்லுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம்

கருவி எதுவும் இல்லாமல் ஆற்றின் நலத்தை அறிய ஒரு வழி உண்டு. நான் மாணவர்களை ஓடைக்கு அழைத்துச் சென்று செய்து காட்டியது அது. ஓடையில் ஓட்டமுள்ள இடத்தில் உள்ளங்கையளவு கல் ஒன்றை மெதுவாக எடுத்துப் புரட்டிப் பாருங்கள். சுத்தமான நீராக இருந்தால் கல்லின் அடிப்பக்கம் உயிரோட்டமாக இருக்கும்.

தட்டையான உடலும் வாலில் இரண்டு மூன்று மெல்லிய இழைகளும் கொண்ட பூச்சிக் குஞ்சு ஒன்று கல்லோடு ஒட்டி ஓடும். வயிற்றின் இரு பக்கமும் சிறு இறகுகளைப்போல் அதன் செவுள்கள் அசையும். ஆங்கிலத்தில் மேஃபிளை என்பார்கள். மணலையும் சருகுத் துண்டையும் பட்டுநூலால் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு, அந்த வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் புழு ஒன்று இருக்கும். அது கேடிஸ்ஃபிளையின் குஞ்சு. இவை குளிர்ந்த, ஆக்ஸிஜன் நிறைந்த, சேறில்லாத நீரில்தான் வாழும். ஓடையில் மீனுக்கும் தவளைக்கும் இவையே சோறு.

சேறு வந்தால் முதலில் சாவது இவைதான். கற்களுக்கு இடையில் உள்ள சந்துகளே இவற்றின் வீடும் வீதியும். நுண்மணல் அச்சந்துகளை நிரப்பிவிட்டால் குடியிருக்க இடமில்லை. செவுளில் மண் படிந்தால் மூச்சில்லை. கூழாங்கற்களுக்கு நடுவே மீன் இட்ட முட்டைகளும் சேற்றுப் போர்வைக்கு அடியில் மூச்சுத் திணறி அழிகின்றன. கரையோர மரத்தை வெட்டியிருந்தால் வெயில் நேரே விழுந்து நீர் சூடாகிறது. 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். குளிர்நீருக்குப் பழகிய உயிர்களுக்கு அந்த ஒன்றரை மில்லிகிராம் வாழ்வா சாவா என்னும் கேள்வி.

அவை போன இடத்தில் யார் வருகிறார்கள்? செந்நிறமான ஒரு சிறு புழு வருகிறது. அதற்கு இரத்தப்புழு என்று பெயர். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் அதன் உடலிலும் இருப்பதால் ஆக்ஸிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் அதனால் பிழைக்க முடிகிறது. பல வகை உயிர் இருந்த இடத்தில் ஒரே வகைப் புழு கோடிக்கணக்கில் பெருகுவதே நோயுற்ற ஆற்றின் அடையாளம். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக மாணவர்களோடு அவ்வோடைக்குப் போனபோது பதினைந்து கற்களைப் புரட்டினோம். வீடு கட்டும் புழு இரண்டுதான் கிடைத்தது. சிவப்புப் புழுக்களைப் பிள்ளைகள் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

இம்மலை நீர் இறங்கிச் சேரும் பகாங் ஆற்றின் பெருமைக்குரிய மீன் கெலா. தெளிந்து ஓடும் நீரை விரும்பும் இது, ஆற்றோர மரங்களிலிருந்து விழும் பழங்களையும் உண்டு வளர்கிறது. கரையில் மரமில்லாவிட்டால் கெலாவுக்கு நிழலும் இல்லை, விருந்தும் இல்லை. இதன் இனத்தைச் சேர்ந்த மீன்களைத்தான் கர்நாடகத்தில் சிருங்கேரி சாரதா பீடத்தின் படித்துறையில், துங்கா நதியில், பக்தர்கள் பொரி போட்டு வணங்குகிறார்கள். அங்கே எவரும் வலை வீசுவதில்லை. ஓர் ஆலயம் ஆற்றின் ஒரு பகுதியைத் தன் காவலில் எடுத்துக்கொண்டால் மீன் பிழைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

ரிங்லெட் அணை சொல்லும் பாடம்

மலையில் கரையும் மண் எங்கே போகிறது என்பதை நாம் அனைவரும் கண்ணால் காணும் இடம் ரிங்லெட் ஏரி. பெர்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பாக்கார் அணை 1963-ல் கட்டி முடிக்கப்பட்டது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கம் வழியாக இப்பக்கம் திருப்பப்பட்டது. ஏரியின் நீர் மலையைக் குடைந்த மற்றொரு சுரங்கத்தில் பேராக் மாநிலப் பக்கம் இறங்கி, ஜோர் என்னுமிடத்தில் நிலத்துக்கு அடியில் உள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தில் மின்சாரம் தருகிறது. நம் சந்நிதியில் எரியும் மின்விளக்குக்கும் இந்த ஆற்றுக்கும் தொடர்பு உண்டு.

அணை கட்டியபோது ஏரியின் கொள்ளளவு சுமார் 60 லட்சம் கன மீட்டர். பல பத்தாண்டுகள் உழைக்கும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். ஆனால் மேலே காடு குறையக் குறைய, நீர் இருக்கவேண்டிய இடத்தில் மண் வந்து குடியேறிற்று. அதைத் தோண்டி வெளியேற்றும் வேலைக்குத் தெனாகா நேஷனல் ஆண்டுதோறும் பெரும் பணம் செலவிட வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் அள்ள, மறு பக்கம் வந்து விழுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். இது நிரம்பிய குடத்தில் மண் அள்ளும் கதை.

மண் நிரம்பிய ஏரியால் பெருமழையைத் தாங்கி நிறுத்த முடியாது. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் அதிகாலையில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்தாம் வேலியில் வெள்ளம் புகுந்தது. ஆற்றோரம் உறங்கியவர்களின் உயிர்கள் பறிபோயின. வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த ஆண்டு 2014 நவம்பரில் அதே வட்டாரத்தில் மீண்டும் வெள்ளமும் சேறும் வந்து உயிர்களைக் கொண்டுபோயின. அதற்குப் பின்னரே அனுமதியின்றித் திறக்கப்பட்ட நிலங்களின்மேல் காடிங் நடவடிக்கை என்ற பெயரில் அரசாங்கம் கடுமை காட்டியது.

இது நம் மலைக்கு மட்டும் வந்த துன்பம் அன்று. இலங்கையில் மகாவலி ஆற்றில் கண்டிக்கு அருகே 1976-ல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டு, பன்னிரண்டே ஆண்டுகளில் தன் கொள்ளளவில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மண்ணிடம் இழந்தது. அதற்கு மேலே இருந்தவையும் தேயிலை மலைகளும் காய்கறித் தோட்டங்களுமே. நீலகிரி மலைகளில் உருளைக்கிழங்குச் சரிவுகளின் மண் அரிப்பைக் கண்டு, 1954-லேயே உதகமண்டலத்தில் மண்வள ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார்கள். தமிழர்கள் கொழுந்து கிள்ளிய மலைகள் எல்லாவற்றிலும் இதே பாடம் திரும்பத் திரும்ப நடத்தப்பட்டிருக்கிறது.

அணைக்கும் நகரங்களுக்கும் அப்பால், ஆற்றங்கரையில் பூர்வகுடியினரான செமாய் மக்கள் வாழ்கிறார்கள். குளிப்பதும் மீன் பிடிப்பதும் அவர்களுக்கு ஆற்றில்தான். இம்மலையில் நமக்கெல்லாம் மூத்த குடி அவர்கள். மேலே நாம் கலக்கிவிடும் நீர் கீழே அவர்கள் பிள்ளைகளின்மேல் படுகிறது.

குற்றத்தில் நம் பங்கு

காய்கறித் தோட்டக்காரர்களைத் திட்டுவது எளிது. ஆனால் அவர்கள் விளைவிப்பதைத்தான் நாம் அன்னதானத்தில் சாம்பாராகவும் கூட்டாகவும் பரிமாறுகிறோம். நம்மவர் பலரும் இன்று தோட்ட வேலையை விட்டுக் காய்கறித் தோட்டத்திலும் பூந்தோட்டத்திலும்தான் பிழைக்கிறார்கள். வேலி கட்டி, வடிகாலில் மண் தேங்கும் குழி வெட்டி, ஓடையோரம் மரம் விட்டு ஒழுங்காக விவசாயம் செய்பவர்களையும் நான் அறிவேன்.

நம் ஆலயமும் குற்றமற்றது அன்று. கல்யாண மண்டபத்தைப் பெரிதாக்கியபோது பின்புறச் சரிவை வெட்டினோம். அந்த வேலையை மேற்பார்த்தவர்களில் நானும் ஒருவன். வெட்டிய மண்ணை அப்படியே ஓடைப் பக்கம் தள்ளிக் குவித்தோம். பணம் போதாமல் வேலை நின்றது. வடகிழக்குப் பருவமழை முழுவதும் அந்தச் சரிவு தார்ப்பாய்கூட இல்லாமல் திறந்து கிடந்தது. மழை முடிந்து பார்த்தபோது குவியலில் பாதியைக் காணோம். "வேலை மிச்சம்" என்று அன்று சொன்னவன் நான்தான். அந்த மண் எங்கே போயிற்று என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. தீர்த்தம் எடுக்கும் துறையில் முன்பு முழங்கால் ஆழம் இருந்தது. இப்போது கணுக்கால் ஆழம்கூட இல்லை.

ஆண்டுக் கூட்டத்தின் முன் உள்ள கேள்வி

இப்போது முதலில் சொன்ன முடிவுக்கு வருகிறேன். ஆலயத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டி, அறக்கட்டளைக்குச் சொந்தமான ஒரு சரிவு நிலம் சும்மா கிடப்பதை அறிவீர்கள். அதனைக் காய்கறி பயிரிடக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். வாடகை வந்தால் வெள்ளிக்கிழமை அன்னதானத்தையும், ஏழைப் பிள்ளைகளின் கல்வி உதவியையும் தடையின்றி நடத்தலாம். முழு நிலத்தையும், ஓடைக்கரை வரை, கொடுத்துவிடலாம் என்று குழுவில் சிலர் கருதுகிறார்கள். அவர்கள் நோக்கம் நல்ல நோக்கம். கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள்.

நானும் குத்தகைக்கு எதிரி அல்லன். ஓடையோரத்தில் ஒரு பட்டை நிலத்தைக் கொடுக்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியே, 5 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்கும் இரு கரையிலும் 5 மீட்டர் ஆற்றொதுக்கு நிலம் விடவேண்டும் என்கிறது. ஆறு அகலமாக அகலமாக அது 10, 20, 40, 50 மீட்டர் என்று கூடுகிறது. அது குறைந்தபட்சம். நம் நிலம் செங்குத்தான சரிவு. ஆகவே 15 மீட்டர் விடவேண்டும் என்கிறேன். வாடகையில் ஏறத்தாழ கால் பங்கு குறையும். மறைக்கவில்லை.

அந்தப் பட்டை என்ன செய்யும்? மேலிருந்து வரும் நீரின் வேகத்தைப் புல்லும் புதரும் தடுக்கும். மண் அங்கேயே படியும். உரத்தின் ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். மரநிழல் நீரைக் குளிர வைக்கும். விழும் சருகு பூச்சிக்கும், பூச்சி மீனுக்கும் உணவாகும். கரை இடிந்து ஆலய மதிலுக்கு ஆபத்து வராமல் வேர்கள் பிடித்து நிற்கும். இத்தனை வேலையையும் சம்பளமில்லாமல் செய்யும் ஊழியர் வேறு யார் கிடைப்பார்?

மீதி நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது பத்திரத்தில் சில நிபந்தனைகளையும் எழுதவேண்டும். சரிவைக் குறுக்கே படிப்படியாகத்தான் திருத்தவேண்டும். மேலிருந்து கீழாக வாய்க்கால் வெட்டக்கூடாது. கூடாரக் கூரைநீர் ஒரு குழியில் தேங்கி, மண் படிந்த பின்னரே ஓடைக்குப் போகவேண்டும். பதப்படுத்தாத கோழி எருவைக் கொட்டக்கூடாது. மழைமாதங்களில் புதிதாக மண் வெட்டக்கூடாது.

ஆலயத்தின் பங்குக்கு நாமும் சிலவற்றைச் செய்யவேண்டும். அபிஷேகப் பாலும் எண்ணெயும் மடைப்பள்ளிக் கழிவும் இன்று நேரே ஓடையில் விழுகின்றன. பால் புனிதமானதுதான், ஆனால் நீரில் அழுகும்போது அதுவும் ஆக்ஸிஜனைத் தின்னும். ஒரு வடிகட்டித் தொட்டி கட்டினால் போதும். மாலைகளையும் வாழையிலைகளையும் குழியிலிட்டு மக்கவைத்தால் நந்தவனத்துக்கு எருவாகும். மண்டபத்துக்குப் பின்னால் நாம் வெட்டிய சரிவில் மூங்கிலும் நாட்டு மரங்களும் நடலாம். 2001 முதல் இம்மலையின் சுற்றுச்சூழலுக்காகப் பாடுபட்டுவரும் ரீச் அமைப்பினரைப் போன்றோரிடம் ஆலோசனை கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடையில் கல் புரட்டிப் பார்த்து, கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். அந்தக் குறிப்பேடு ஆலய அலுவலகத்தில் இருக்கட்டும்.

நன்கொடையாளப் பெருமக்களே, உங்களில் எவரேனும் அந்தக் கால் பங்கு வாடகையை ஈடுசெய்ய முன்வந்தால், அதுவும் திருப்பணியே. கோபுரத்துக்கு வண்ணம் பூசக் கொடுக்கும் பணம் பத்து ஆண்டு நிற்கும். ஓடைக்கரையில் நடும் மரம் நம் பேரன் காலத்திலும் நிற்கும்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே வான்சிறப்பை வைத்தார். இறைவனுக்கு அடுத்த இடத்தை மழைக்குத் தந்தார். மழையை அனுப்புவது இறைவன் செயல். அது விழும் நிலத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பது நம் செயல். முன்னோர் தலவிருட்சத்தையும் தீர்த்தத்தையும் மூர்த்தியோடு சேர்த்தே போற்றியதும், கோயில் காடுகளில் ஒரு சுள்ளியும் ஒடிக்காமல் காத்ததும் இதனை உணர்ந்துதான்.

அந்த மூன்றாம் வகுப்புப் பையன் இப்போது நான்காம் வகுப்புக்குப் போய்விட்டான். சென்ற வாரம் ஆலயத்தில் பார்த்தபோது, "சார், இந்த வருசம் ஆத்துலதானே தண்ணி எடுப்போம்?" என்று கேட்டான். "கூட்டத்தில பெரியவங்க முடிவு பண்ணுவாங்கப்பா" என்றேன். அன்பர்கள் அனைவரும் ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து உங்கள் கருத்தைக் கூறுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் வல்ல இறைவன் நமக்கு நல்ல புத்தியையும் தெளிந்த நீரையும் அருள்வானாக.

அன்பே சிவம்.